ஸ்டேட்டஸ் போடும் முன் ஆட்களைப் பிரியுங்கள்

திருப்பூர் பக்கம் யார் போனைத் திறந்தாலும் ஸ்டேட்டஸில் முருகன் படம், காலை வணக்கம், இல்லையென்றால் கல்யாண நாள் வாழ்த்து. சொல்ல வேறு விஷயம் இல்லாமல் இல்லை. பனியன் கம்பெனி சூப்பர்வைசர், பங்காளி வீட்டு அண்ணன், ஜாதகம் வாங்கிப் போன தரகர், சீட்டுப் பிடிக்கிற அக்கா எல்லாரும் ஒரே காண்டாக்ட் லிஸ்டில் இருக்கும்போது எதைப் போட்டாலும் யாராவது ஒருவர் கேள்வி கேட்பார். காய்ச்சல் என்று லீவு சொல்லிவிட்டு கொடிவேரிக்குப் போன டெய்லர் பெண், அணையில் நனைந்தபடி எடுத்த போட்டோவை வைத்தால், மறுநாள் மெஷினில் உட்காரும் முன்பே "காய்ச்சல் சரியாயிடுச்சுங்களா?" என்று நாலு பேர் நடுவில் கேட்பார்கள். ஒரு தடவை போதும், அப்புறம் அவரும் முருகன் படம்தான் வைப்பார். அவர் வாயை அடைத்தது கேட்டவர்கள் மட்டுமில்லை, தொடாமலே விட்ட செட்டிங்கும்தான்.

வாட்ஸ்அப்பில் செட்டிங்ஸ், பிரைவசி, ஸ்டேட்டஸ் என்று போங்கள். 'மை காண்டாக்ட்ஸ் எக்செப்ட்' எடுத்தால் வேண்டாதவர்களை ஒதுக்கலாம், ஆனால் நான் 'ஒன்லி ஷேர் வித்' எடுக்கத்தான் சொல்வேன். புது நம்பரை சேவ் பண்ணும்போதெல்லாம் ஒதுக்கும் பட்டியலைத் திறக்க யாருக்கும் ஞாபகம் இருக்காது, இதில் நீங்கள் டிக் பண்ணியவருக்கு மட்டும்தான் போகும். மாற்றியது இனிமேல் போடுவதற்குத்தான் செல்லும். ஏற்கெனவே ஓடுகிற ஸ்டேட்டஸை அழித்துவிட்டுத் திரும்பப் போடுங்கள்.

அதே இடத்தில் 'ரீட் ரெசீப்ட்ஸ்' இருக்கும். நிறுத்தினால் ப்ளூ டிக் போய்விடும், ராத்திரி வரும் வேலை மெசேஜைப் படித்த கையோடு பதில் போட்டாக வேண்டும் என்ற பதற்றமும் குறையும். பதிலுக்கு, உங்கள் மெசேஜை மற்றவர் படித்தாரா என்பதும் உங்கள் ஸ்டேட்டஸை யார் பார்த்தார் என்பதும் உங்களுக்குத் தெரியாது. குரூப் மெசேஜுக்கு இது செல்லாது.

ஃபேஸ்புக்கில் 2014 வரை புதிதாகச் சேர்ந்தவர்களின் போஸ்ட் தானாகவே பப்ளிக்காகத்தான் போனது, அந்த வருஷம்தான் 'ஃப்ரெண்ட்ஸ்' என்று மாற்றினார்கள். பழைய ஆள் என்றால் 'லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்' அழுத்துங்கள், பப்ளிக்காகப் போட்டதெல்லாம் ஒரே அடியாக நண்பர்களுக்கு மட்டும் ஆகிவிடும்.

இதெல்லாம் பண்ணி முடித்தபிறகுதான் நிஜமான ஆபத்து. பூட்டுச் சாவி நம் கையில் இருக்கிறது என்ற தைரியத்தில் சொல்லக் கூடாததையும் சொல்லிவிடுவோம். கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றிலும் இதுதான் தெரிந்தது: எதை வெளியிடுவது என்ற பிடி தன் கையில் இருப்பதாக நினைத்தவர்கள், அந்தரங்க விஷயங்களைக் கூடுதலாகவே எழுதினார்கள். சம்பளச் சண்டை, மாமியார் வீட்டுப் பேச்சு, மகளின் ஜாதகப் பொருத்தம் எல்லாம் அந்தச் சின்ன லிஸ்டுக்குள் போகும். அதில் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் உங்களுக்குத் தகவல்கூட வராது.

லிஸ்டும் அப்படியே நிற்காது. கூடத் தைத்த அக்கா இப்போது அதே கம்பெனியில் ஹெச்.ஆர். ஆக இருக்கலாம், சம்பந்தம் பேசிய வீடு பேச்சுவார்த்தை இல்லாமல் போயிருக்கலாம். தீபாவளி லீவில் ஒருமுறை திறந்து, பெயர் பெயராகப் பார்த்து டிக்கை எடுத்துவிடுங்கள். எடுத்தது அவர்களுக்குத் தெரியாது.