டிஃபால்ட் மதிப்பு தானாக நிரம்பும் இடத்தில் நடக்கும் தவறுகள்

ஜாங்கோவில் (பைத்தான் மொழியில் வெப் மென்பொருள் எழுத உதவும் ஃப்ரேம்வொர்க்) எழுதிய ஒரு கிடங்குப் பதிவேட்டைச் சரிபார்க்க ஒருமுறை உட்கார்ந்தேன். திங்கட்கிழமை இறங்கிய சரக்கு அத்தனைக்கும் வரவு நேரம் காலை 9:02. செவ்வாய்க்கிழமை வந்த சரக்குக்கும் அதே திங்கள் 9:02! சர்வரை ரீஸ்டார்ட் செய்த நேரம் அது. டேபிளின் அமைப்பை எழுதும் மாடலில், டிஃபால்டாக (யாரும் மதிப்பு தராதபோது தானாக நிரம்புவது) டைம்ஸோன்.நவ் என்ற, இப்போதைய நேரத்தைத் தரும் ஃபங்ஷனின் பெயரை மட்டும் கொடுக்காமல், பின்னால் அடைப்புக்குறியும் போட்டிருந்தார்கள். அடைப்புக்குறி இருந்தால் கோடு லோடாகும்போதே ஃபங்ஷன் ஓடிவிடும். அப்போது கிடைத்த நேரம் அப்படியே உறைந்து நிற்கும். வெறும் பெயரைக் கொடுத்தால்தான் ஒவ்வொரு ரெக்கார்டுக்கும் புதிதாகக் கூப்பிடும். டெஸ்டிங்கில் இது சிக்காது. சர்வரை ஏற்றிய கையோடு ஒரு ரெக்கார்டு போட்டுப் பார்ப்போம், நேரம் சரியாகவே தெரியும். ஆகவே சில நிமிடம் விட்டு இரண்டாவது ரெக்கார்டையும் போட்டுப் பாருங்கள்.

லிஸ்ட் போன்றவற்றைச் சேமிக்கும் ஜேசன் ஃபீல்டுக்கு வெற்று லிஸ்ட்டை நேரடியாக டிஃபால்டாகக் கொடுப்பதும் இதே வகைதான். ஒரே லிஸ்ட்டை எல்லா ரெக்கார்டும் பகிர்ந்துகொள்ளும். லிஸ்ட் என்ற பெயரை மட்டும் கொடுங்கள், போதும்.

ரெக்கார்டைச் சேமிக்கும் சேவ் மெத்தடுக்குள் மதிப்பை நிரப்பினால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறைய. பல ரெக்கார்டுகளை மொத்தமாகச் சேர்க்கும் பல்க் கிரியேட், மொத்தமாக மாற்றும் அப்டேட் இரண்டுமே சேவ் மெத்தடைக் கூப்பிடாது. அப்டேட் வழியாக மாற்றினால் ஆட்டோ நவ் (சேவ் செய்யும்போதெல்லாம் நேரத்தைப் புதுப்பிப்பது) போட்ட ஃபீல்டுகூட பழைய நேரத்தையே காட்டும்.

வேறு ஸ்கிரிப்ட்டோ நேரடி எஸ்கியூஎல்லோ அதே டேபிளில் எழுதுமானால், டிஃபால்ட் டேட்டாபேஸிலேயே இருக்க வேண்டும். ஜாங்கோவின் வழக்கமான டிஃபால்ட் பைத்தானோடு நின்றுவிடும். 2023 டிசம்பரில் வந்த 5.0 பதிப்பிலிருந்துதான் டேட்டாபேஸிலேயே டிஃபால்டை வைக்கும் டிபி டிஃபால்ட் கிடைக்கிறது. அங்கேயும் ஒரு பொறி உண்டு. போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் அந்த ஃபீல்டையே குறிப்பிடாமல் விட்டால் டிஃபால்ட் நிரம்பும். நல் (மதிப்பே இல்லை என்பதன் குறி) என்று வெளிப்படையாக அனுப்பினால் நல்தான் பதிவாகும். நல்லை ஏற்காத நாட் நல் விதியைப் போட்டுவைத்தால் அது எரராகவாவது வெளியே வரும்.

என்னை அதிகம் வருத்துவது, தெரியாததற்கு 0 என்று நிரப்புவது. அந்தக் கிடங்கில் சேதமான பெட்டிகளின் எண்ணிக்கைக்கு டிஃபால்ட் 0. எண்ணிப் பார்த்து 'சேதம் இல்லை' என்று எழுதியவரும், பார்க்காமலே சேவ் செய்தவரும் டேபிளில் ஒன்றாகவே தெரிந்தார்கள். பிறகு நல் என்று மாற்றினோம். பழைய வரிசைகளில் எது எண்ணியது, எது எண்ணாதது என்று கடைசிவரை பிரிக்க முடியவில்லை.