ஊர் பேருக்கு அர்த்தம் தேடணுமா, வாலைப் புடிங்க

ஊர் பேருக்கு அர்த்தம் தேடுற பலபேர் பண்ற தப்பு, பேரோட தலையைப் புடிச்சு இழுக்குறது. தலையை விடுங்க, வாலைப் பாருங்க. கடைசியில வர்ற பட்டி, பாடி, சேரி, குறிச்சி, பாக்கம் எல்லாமே குடியிருப்பைக் குறிச்ச வார்த்தைங்கதான், ஆனா ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தினுசு. மலைப்பக்கம்னா குறிச்சி, கடலோரம்னா பாக்கம்னு நிகண்டெல்லாம் (செய்யுள்ல எழுதுன பழைய அகராதிங்க) பிரிச்சு வச்சிருக்கு, நடைமுறையில அவ்ளோ சுத்தமா பொருந்தாது.

பட்டின்னா முதல்ல ஆடு மாடு அடைக்கிற இடம். கொங்குல பொங்கலப்போ பட்டி பெருகணும்னு கும்புடுறது இதைத்தான், இலங்கையில மாட்டுப்பொங்கலுக்குப் பேரே பட்டிப்பொங்கல். மாடு கட்டுன எடத்துல ஆளும் தங்கி அப்படியே சின்ன ஊருக்கும் அதே பேர் ஆயிடுச்சு. இப்ப உசிலம்பட்டியை எடுத்துக்கோங்க, பட்டியைக் கழட்டுங்க, நடுவுல இருக்குற அம் வெறும் சாரியை, அதாவது ரெண்டு வார்த்தையை ஒட்ட வைக்கிற துண்டு, அதையும் தூக்கிட்டா மிச்சம் உசிலை மரம், அவ்ளோதான் வேலை. (கேரளாவுல போய் எங்க ஊரு பட்டின்னு சொல்லிடாதீங்க, அங்க அது நாய்.)

அடுத்து, அழகா இருக்குற அர்த்தத்தை சந்தேகப்படுங்க. தரங்கம்பாடிக்கு 'அலைகள் பாடும் ஊர்'னு டூரிஸ்ட் ஆளுங்க சொல்லுவாங்க, தரங்கம்னா அலை, அது சரி, ஆனா இந்தப் பாடி பாட்டுப்பாடி இல்லைங்க, ஆயர்பாடியில வர்ற பாடி, குடியிருப்பு. படை எறங்குற எடத்துக்கும் பாடின்னு பேர் உண்டு. இதுல கூத்து என்னன்னா பாண்டியர் காலக் கல்வெட்டுல ஊர் பேரு சடங்கன்பாடி, அந்தப் பேர்ல அலையும் இல்ல பாட்டும் இல்ல, வால் மட்டும் அப்படியே இருக்கு.

இன்னொண்ணு, இன்னைக்கு இருக்குற அர்த்தத்தை அன்னைக்குக் கொண்டுபோய் ஒட்டாதீங்க. சேரின்னா சேர்ந்து இருக்குற எடம். குடவோலைக்குப் பேர்போன உத்திரமேரூர் கல்வெட்டுல, பத்தாம் நூற்றாண்டு, பிராமணங்க ஊரு, அதுக்குள்ளயே 12 சேரி. தஞ்சாவூர் பெரிய கோயில் கல்வெட்டுல கம்மாளர் (கைவினைஞர்) இருந்த கம்மாணச்சேரியும் இருக்கு, பறைச்சேரியும் இருக்கு, தீண்டாச்சேரியும் இருக்கு. அதாவது சாதி ஏற்கனவே உள்ள வந்தாச்சு, ஆனா சேரிங்கிற வார்த்தையை தலித் மக்கள் குடியிருப்பு தலையில மட்டும் கட்டுனது அப்புறம் நடந்தது. புதுச்சேரின்னா புதுக் குடியிருப்பு, வேற ஒண்ணுமில்ல.

செக் பண்றதுக்கு சென்னைப் பல்கலைக்கழகத்தோட தமிழ் லெக்சிகன் போதும், நெட்லயே ஃப்ரீயா தேடலாம். போர்டுல எழுதியிருக்குறதை நம்பாம ஊர்ல வயசான பாட்டிங்க பேரை எப்படிச் சொல்றாங்கன்னு கேளுங்க. பழைய கோயில் இருந்தா செவுத்துல கல்வெட்டு இருக்கான்னு பாருங்க, சுண்ணாம்பு அடிச்சு மூடியிருந்தாலும் பரவால்ல, தொல்லியல் துறை 1887லேர்ந்து போடுற கல்வெட்டு ஆண்டறிக்கையில உங்க தாலுகாவைத் தேடுங்க, யாராவது முன்னாடியே படியெடுத்து வச்சிருக்க வாய்ப்பிருக்கு.