ஐஐடிக்குத் தயாராகும் தமிழ்வழி மாணவர்களுக்கு
தருமபுரி, பென்னாகரம் பக்கம் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகளே, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினைத் தமிழிலும் எழுதலாம். ஆனால் அதற்கு அடுத்த கட்டமான, ஐஐடிக்கான அட்வான்ஸ்டு தேர்வு ஆங்கிலம், இந்தியில் மட்டும்தான். கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் மார்க் போவது பெரிய கொடுமை. பிளஸ் ஒன் தொடங்கியதுமே மத்திய அரசின் பாடநூல் அமைப்பான என்சிஇஆர்டியின் ஆங்கிலப் புத்தகங்களை அவர்கள் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளுங்கள். தினமும் நாலு கணக்காவது ஆங்கிலத்திலேயே வாசித்துப் போடுங்கள். புரியாத சொற்களை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தமிழோடு எழுதி வையுங்கள்.

பெற்றோருக்கு ஒன்று: பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மட்டும் ஐஐடி இடஒதுக்கீட்டுக்குப் போதாது. மத்திய அரசு வடிவத்தில் ஓபிசி நான்-கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவில் வராத பிற்படுத்தப்பட்டோர்) சான்றிதழ் வேண்டும், அதுவும் தேர்வு எழுதும் ஆண்டின் ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு வாங்கியதாக. ஏப்ரல் பிறந்ததும் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள்.