கேம் பாத்திரங்களில் சிறுபான்மையினர்: விவாதிக்கும்போது நேரும் தவறுகள்

ஒரு வீடியோ கேமில் சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த பாத்திரம் வருகிறது என்று தெரிந்தவுடன், அதை யாரும் விளையாடிப் பார்ப்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. முதல் தவறு இதுதான். மற்றவற்றில் பல இதிலிருந்தே கிளைக்கின்றன. 2020 ஜூன் 19 அன்று வெளியான ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. முன்கூட்டியே கசிந்த காட்சிகளில் அப்பி என்ற பெண்ணின் திரண்ட தோள்களைப் பார்த்த பலர், அவள் திருநங்கை என்று தாங்களாகவே முடிவுகட்டி ஆத்திரப்பட்டார்கள். அப்பி திருநங்கை அல்லள் என்பதும், அந்தக் கதையில் வரும் திருநர் லெவ் என்ற சிறுவன் என்பதும் விளையாடியவர்களுக்குத் தெரியும். முடிக்க இருபது மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் அந்தக் கேமுக்கு, வெளியான சில மணி நேரத்திலேயே, விமர்சன மதிப்பெண்களைத் தொகுக்கும் மெட்டாகிரிட்டிக் தளத்தில் பூஜ்ஜிய மதிப்பெண்கள் வந்து குவிந்தன. அடுத்த மாதமே அத்தளம், ஒரு கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பின்னரே பயனர்கள் மதிப்பெண் இடலாம் என்று விதியை மாற்றிக்கொண்டது. முதல் நாள் மதிப்பெண்ணை இன்றும் ‘ரசிகர்களின் தீர்ப்பு’ என்று மேற்கோள் காட்டுவோர் இதை மறந்துவிடுகிறார்கள்.

எல்லா எதிர்ப்பையும் வெறுப்பு என்று ஒதுக்கிவிடுவதும் அதே அளவு தவறு, ஆனால் இது குறைவாகவே பேசப்படுகிறது. 2017இல் வந்த ‘மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா’வில் ஹெய்ன்லி ஏப்ரம்ஸ் என்றொரு திருநங்கை வருகிறார். முன்பின் அறியாத நாம் போய்ப் பேச்சுக் கொடுத்ததும், முதல் சந்திப்பிலேயே, பாலின மாற்றத்துக்கு முந்தைய தம் பழைய பெயரை அவர் சொல்லிவிடுவார். திருநர் பலர் நெருங்கிய நண்பரிடம்கூடச் சொல்லத் தயங்கும் ஒன்றை, நேரம் கேட்டவருக்கு நேரம் சொல்வதுபோல அந்தக் காட்சி சொல்ல வைத்தது. இதைச் சுட்டிக்காட்டியவர்கள் திருநர்களே. தயாரித்த பயோவேர் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, நம்பிக்கை ஏற்பட்ட பிறகே, அதுவும் நாம் பரிவோடு பேசினால் மட்டுமே அவர் தம் கதையைச் சொல்லும்படி உரையாடலைத் திருத்தியது. ‘பாத்திரத்தைச் சேர்த்தார்களே, அது போதாதா’ என்று அன்று வாயடைத்திருந்தால் அந்தத் திருத்தம் வந்திருக்காது.

‘வரலாற்றில் இப்படி இல்லை’ என்ற வாதத்தைப் பயன்படுத்துவோர், முதலில் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. 2025இல் வெளியான ‘அஸாசின்ஸ் கிரீட் ஷாடோஸ்’ கேமின் நாயகர்களில் ஒருவரான யசுகே கற்பனை அல்லர்; 1581இல் ஜப்பானியப் போர்த் தலைவர் ஒடா நொபுநாகாவிடம் பணியில் சேர்ந்த ஆப்பிரிக்கர். அவர் இருந்தார் என்பதால் கேம் காட்டும் அனைத்தும் நடந்தவை என்று கொள்வதும் பிழையே, ஏனெனில் அவரது தகுதிநிலை என்ன என்பது பற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. இதே தொடரின் 2009ஆம் ஆண்டுக் கேமில் போப்பாண்டவரோடு நாம் வாடிகனில் கைகலப்பில் ஈடுபட்டோம் என்பதும் நினைவில் இருக்கட்டும்.

விற்பனையை வைத்துப் பாத்திரத்தை எடைபோடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2024இல் வந்த ‘கான்கார்ட்’ என்ற இணையவழிக் கேம் இரண்டே வாரத்தில் மூடப்பட்டதற்கு அதன் பன்முகப் பாத்திரங்களே காரணம் என்பவர்கள், அதற்குப் போட்டியான கேம்கள் பல இலவசமாகக் கிடைக்க அது 40 டாலருக்கு விற்கப்பட்டதையும், தன்பாலின உறவுகளுக்குத் தாராளமாக இடமளித்த ‘பால்டர்ஸ் கேட் 3’ அதற்கு முந்தைய ஆண்டு விருதுகளை அள்ளியதையும் கணக்கில் சேர்ப்பதில்லை.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் தவறு வேறொன்று: பாத்திரத்தின் தோற்றத்தையும் வசனத்தையும் மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த விதிகளுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்க்கத் தவறுவது. திரைப்படத்துக்கு இல்லாத சிக்கல் இது. ஒரு தலைவராக இருந்து ஒரு நாகரிகத்தை வளர்க்கும் ‘சிவிலைசேஷன் 6’ கேமின் 2018ஆம் ஆண்டு விரிவாக்கத்தில், கனடாவின் கிரீ பழங்குடித் தலைவர் பவுண்ட்மேக்கர் தலைவர்களில் ஒருவராகச் சேர்க்கப்பட்டார். அவர் கிரீ மொழியிலேயே பேசினார். உருவமும் கண்ணியமாகவே இருந்தது. ஆனால் 1885இல் கட் நைஃப் மலையில், பின்வாங்கிய அரசுப் படையைத் துரத்த வேண்டாம் என்று தம் வீரர்களைத் தடுத்தவர் அவர். அவரை ஏற்று ஆடுபவர் வெல்ல வேண்டுமானால், நகரங்களைப் பெருக்கி, எல்லையை விரித்து, அண்டை நிலத்தின் மீதும் கண்வைக்க வேண்டியிருக்கிறது. கிரீ மக்களின் தலைவர்களில் ஒருவர் ஆட்சேபித்தது இதைத்தான்: பிறர் நிலத்தைக் கைப்பற்றும் குடியேற்றவாதிகளின் விழுமியங்களே தங்களுக்கும் இருந்தன என்ற பொய்யை அந்தக் கேம் பரப்புகிறது என்றார் அவர். முகச்சாயலும் உச்சரிப்பும் சரியாக இருந்ததால் பாராட்டியவர்கள் தவறானவர்கள் அல்லர். அவர்கள் பார்த்தது பாதியை மட்டுமே.

இதே தொடரின் முந்தைய கேமில் அமெரிக்கப் பழங்குடியினரான பியூப்ளோ மக்களின் தலைவர் போப்பேயைச் சேர்க்கத் திட்டமிட்டிருந்தார்கள். அம்மக்களின் சபை மறுப்புத் தெரிவித்ததால் அது கைவிடப்பட்டு, 2013இல் ஷோஷோனி என்ற வேறொரு பழங்குடி மக்கள் சேர்க்கப்பட்டார்கள். அந்த இழப்பை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, கேமும் நன்றாகவே விற்றது.