பவர் ஆட்டோமேட்டில் மாறிகள்: லூப்புக்குள் கவனம்

மைக்ரோசாஃப்ட் பவர் ஆட்டோமேட்டில் ஃப்ளோ (தானாக ஓடும் வேலைகளின் வரிசை) அமைக்கும்போது, ஒரே மின்னஞ்சல் முகவரியைப் பத்து இடத்தில் தட்டச்சு செய்யாதீர்கள். தொடக்கத்திலேயே 'இனிஷியலைஸ் வேரியபிள்' என்ற படியைப் போட்டு ஒரு மாறியில் (மதிப்பைப் பெயரிட்டு வைத்துக்கொள்ளும் இடம்) வைத்துவிடுங்கள். நாளைக்கு முகவரி மாறினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும்.

இந்த 'இனிஷியலைஸ்' படியை லூப்புக்குள்ளோ (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) கண்டிஷனுக்குள்ளோ (நிபந்தனை பார்த்து ஓடும் பகுதி) வைக்க முடியாது. ஃப்ளோவின் மேல்மட்டத்தில்தான் இருக்க வேண்டும். உள்ளே போனபின் மதிப்பை மாற்ற 'செட் வேரியபிள்' இருக்கிறது.

சரி, பலரும் மாட்டிக்கொள்வது எங்கே? பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரு சுற்று ஓடும் 'அப்ளை டு ஈச்' லூப்பில் வேகத்துக்காகக் கன்கரன்சி என்ற அமைப்பை இயக்கும்போதுதான். அப்போது பல சுற்றுகள் ஒரே நேரத்தில் ஓடும். மாறியோ ஃப்ளோ முழுவதற்கும் ஒன்றே. ஒரு வாடிக்கையாளரின் பில் தொகை இன்னொருவருக்குப் போகும் மின்னஞ்சலில் ஏறிவிடலாம். பிழைச் செய்தி எதுவும் வராது, ஃப்ளோ வெற்றி என்றே காட்டும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். அந்த இடத்தில் மாறிக்குப் பதில், லூப்புக்குள்ளேயே 'கம்போஸ்' என்ற படியைப் பயன்படுத்துங்கள். ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் மதிப்பு தனியாக இருக்கும். மாறிதான் வேண்டுமென்றால் கன்கரன்சியை அணைத்துவிடுங்கள்.

அப்புறம், லூப்புக்குள் எழுத்துகளைச் சேர்த்துக்கொண்டே போகும் மாறி இருந்தால், தேவைப்படும் இடத்தில் அதைக் காலி செய்யுங்கள். இல்லையென்றால் முந்தைய சுற்றின் எழுத்துகளும் ஒட்டிக்கொண்டே வரும்.