லூமியை கொறுக்காப்புளி மாதிரி போட்டுடாதீங்க

தம்பி கத்தார்ல இருந்து வரக்குள்ள பேரீச்சம்பழத்தோட ஒரு பேக்கட் கறுத்தக் காயும் கொண்டு வந்தான். கையில எடுத்தா பாரமே இல்ல, சும்மா பஞ்சு மாதிரி, காதுக்கிட்ட வச்சு ஆட்டினா உள்ளுக்கு கடகடண்டு கேக்குது. "அக்கா இது லூமி, அங்க மச்பூஸ் எண்டுற இறைச்சிச் சோத்துக்குப் போடுறது" எண்டான். இப்ப மட்டக்களப்புப் பக்கம் வெளிநாட்டுக்குப் போன ஆள் இருக்கிற கனக்க வீட்டுல இந்தக் காய் அலுமாரிக்குள்ள சும்மா கிடக்கு, எப்படிப் போடுற எண்டு தெரியாம. நான் தெரியாமலே போட்டு ஒரு கிலோ ஆட்டிறைச்சியைக் கொட்டினன், இண்டைய விலைக்கு அது சின்ன விசயம் இல்ல, அதாலதான் விளக்கமா எழுதுறன்.

நான் விட்ட பெரிய பிழை, கறுப்பா இருக்கு புளிக்குது அப்ப நம்மட மீன் கறிக்குப் போடுற கொறுக்காப்புளி போலத்தான் எண்டு நினைச்சு அஞ்சு காயை விதையோட அம்மியில அரைச்சு கறி கூட்டக்குள்ளயே போட்டது. கறி தார் மாதிரி கறுத்து, ஒரு வாய் வைக்க ஏலாத கசப்பு. கொறுக்கா வேற மரம், அதுட பழத்தோட்டைத்தான் காயவச்சு எடுக்கிற. லூமி எண்டுறது நம்மட தேசிக்காய்தான் (எலுமிச்சை), உப்புத் தண்ணியில அவிச்சு உள்ளுக்கு இருக்கிற ஈரமெல்லாம் போகுமட்டும் வெயில்ல காயவச்ச தேசிக்காய். தேசிக்காய் ஊறுகாய் போடுற ஆக்களுக்குத் தெரியும், விதை எவ்வளவு கசக்கும் தோல் எவ்வளவு கசக்கும் எண்டு. அதே கணக்குத்தான் இங்கயும்.

ஒரு கிலோ இறைச்சிக்கு ரெண்டு காய் போதும். கழுவிட்டு கத்தி முனையால மூணு நாலு இடத்தில குத்தி முழுசாப் போடுங்க, குத்தாமப் போட்டா பந்து மாதிரி மேல மிதந்துகொண்டு கிடக்கும், புளி இறங்காது. உடைச்சுப் போடுறதெண்டா ஒவ்வொரு விதையா பொறுக்கி எடுத்துட்டுத்தான் போடணும். உடைச்சுப் பார்த்தா உள்ளுக்கு கறுப்புச் சதை பிசின் மாதிரி மினுங்கும், அது சரி, ஆனா வெள்ளையா பச்சையா பூஞ்சணம் பூத்திருந்தா அந்தக் காயை எறிஞ்சிடுங்க. இறைச்சி அரைவாசி வெந்த பிறகு போட்டா கடைசி அரை மணித்தியாலமே காணும். மீனுக்கும் நல்லம், பாரைத் துண்டுக்கு ஒரு காய், ஆனா மீனைப் போட முதல் குழம்புக்குள்ள காயைக் கொதிக்க விட்டுடணும், மீன்தான் கெதியா வெந்துடுமே.

உருளைக்கிழங்கு, கடலை போடுற கறியெண்டா அது நல்லா அவிஞ்ச பிறகுதான் லூமி போடணும், புளி முதலே இறங்கினா கிழங்கு எவ்வளவு நேரம் கொதிச்சாலும் வைரமாத்தான் கிடக்கும். தேங்காய்ப்பாலும் அப்படித்தான், புளி இறங்கின கறிக்குள்ள தலைப்பாலை ஊத்தி கொதிக்க விட்டா திரைஞ்சிடும், அடுப்பைத் தணிச்சிட்டு கடைசியா ஊத்தி ஒருக்கா கிண்டி இறக்குங்க. அலுமினியச் சட்டியில வைக்காதீங்க, மண் சட்டி இருந்தா அதுதான் திறம்.

பழப்புளியும் விட்டு லூமியும் போடுறது இன்னொரு பிழை. ரெண்டு புளி சேர்ந்தா லூமிட அந்தப் புகை பிடிச்ச மாதிரி ஒரு வாசம் எங்க போகுதெண்டே தெரியாது, அந்த வாசத்துக்காகத்தானே போடுறம். வறுத்து இடிச்ச கறித்தூளை அள்ளிப் போட்டாலும் அதே கதைதான். வெங்காயம், உள்ளி, மிளகு, கறுவா, ஏலம், கராம்பு இவ்வளவும் போதும், தூள் ஒரு தேக்கரண்டிக்கு மேல வேணாம். உப்பையும் முதல்ல குறைச்சுப் போட்டு கடைசியா ருசி பாத்து சேருங்க, காய்லயும் உப்பு இருக்கு.

வெந்த காயை அகப்பையால நசுக்கிப் பிழியிற பழக்கம் நம்மட ஆக்களுக்கு இருக்கு. மெல்லமா ஒருக்கா அமத்தினா காணும், அதுக்கு மேல நசுக்கினா கசப்பும் சேர்ந்து இறங்கும். மிச்சக் கறியை அடுத்த நாளைக்கு வைக்கிறதெண்டா காயை எடுத்துட்டு வைங்க, ராவோட ராவா கறி கசந்துடும்.

மிச்சக் காயைப் போத்தல்ல போட்டு இறுக்கி மூடி வைங்க. நம்மட ஊர் மார்கழி மழைக்கு பேக்கட்டைத் திறந்தபடி விட்டா காத்தில இருக்கிற ஈரமே போதும் பூஞ்சணம் பிடிக்க. தூளாக்கி வைக்கவும் வேணாம், வாசம் கெதியாப் போயிடும், தேவைக்கு விதையை எடுத்துட்டு ஒரு காயை இடிச்சா சரி. ஈராக்கில இதுக்கு நூமி பஸ்ரா எண்டு பேர், அவங்க வெந்நீர்ல போட்டு சீனி சேத்து தேத்தண்ணி மாதிரிக் குடிக்கிற. மாமிக்கு இப்ப கறியை விட அதுதான் விருப்பம்.