பழைய வண்டிக்கு ஸ்பார்க் பிளக் வாங்கும்போது
பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டி வைத்திருப்பவர்கள் கடையில் போய் "ஒரு பிளக் கொடுங்க" என்று மட்டும் கேட்காதீர்கள். வண்டியின் கையேட்டில் இருக்கும் பிளக் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள். மாட்டியிருக்கும் பிளக்கை நம்ப முடியாது. முந்தைய மெக்கானிக் கையில் கிடைத்ததைப் போட்டிருக்கலாம்.

கம்பெனி மாற்றினால் கூடுதல் கவனம் தேவை. என்ஜிகே-யில் பிளக் எண்ணில் உள்ள வெப்ப எண் ஏற ஏற 'கோல்டு' பிளக், அதாவது சூட்டைச் சீக்கிரம் வெளியேற்றுவது. பாஷில் அப்படியே தலைகீழ், எண் குறைந்தால்தான் கோல்டு. அப்புறம் மரையின் நீளம்: என்ஜிகே பிளக் எண்ணில் 'எச்' எழுத்து இருந்தால் 12.7 மி.மீ., 'இ' என்றால் 19 மி.மீ. குட்டையானது வேண்டிய இடத்தில் நீளமானதை முறுக்கினால் பிஸ்டனில் இடிக்கக்கூடும்.

போலிகளும் உண்டு. பீங்கான் மேல் அச்சு மங்கலாகவோ, மரை சொரசொரப்பாகவோ இருந்தால் வாங்காதீர்கள்.

சில நாள் ஓட்டியபின் கழற்றிப் பாருங்கள். நுனி இளம்பழுப்பாக இருந்தால் சரி. ஈரக்கருப்பு என்றால் ஆயிலோ பெட்ரோலோ அதிகம். வெளுத்திருந்தால் சூடு அதிகம், உடனே கவனியுங்கள். புது பிளக்கை மாட்டும்போது முதலில் கையாலேயே முறுக்குங்கள். ஸ்பேனர் கடைசி அரைச் சுற்றுக்குத்தான்.